முப்பத்தோராவது நிமிடம்

பிப்ரவரி 3, திங்கள்

ஓடிவிட்டது! மூன்று மாதமாகப் பிரித்துப் போட்டபடி கிடந்த எஞ்சின், இன்று காலை பத்தே காலுக்கு முதல் முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. ரங்கசாமி அண்ணன் தீயணைப்பு சிலிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, எப்போது வேண்டுமானாலும் ஓடத் தயாராக, ஒரு காலைப் பின்னால் வைத்தபடி நின்றார். அது ஓடியதைப் பார்த்ததும் சிலிண்டரைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். நான் ஆடவே ஆடினேன். முப்பத்தொன்பது வயதுப் பொம்பளை ரன்வே ஓரத்தில் ஸ்பேனரோடு ஆடினால் யாருக்கு என்ன? பார்ப்பதற்கு மில்லின் பின்பக்கச் சுவரும் நாலு மயிலும்தான் இருந்தன.

புது நோட்டு. அதனால் கொஞ்சம் முறையாக எழுதி வைக்கிறேன். நான் மேகலா, விமானப் பராமரிப்பு இன்ஜினியர். உடுமலைப் பக்கம் ஒரு நூற்பு மில்லுக்குச் சொந்தமான ரன்வேயில் வேலை. இங்கே இருப்பது ஒரே ஒரு விமானம். நாலு பேர் உட்காரலாம், இறக்கை கூரைக்கு மேலே, 1974ல் பிறந்தது. எனக்குப் பதினோரு வயது மூத்தவள். வெள்ளை பெயிண்ட், வெளிநாட்டுப் பிறப்பு, லேசில் மசிவதில்லை என்பதால் ‘வெள்ளைக்காரி’ என்று பெயர் வைத்தது ரங்கசாமி அண்ணன். இந்த ஷெட்டில் எனக்குக் கையாளும் துணையாளும் அவர்தான்.

முதலாளி வசுமதி மேடம். அறுபத்து மூன்று வயது. அப்பா வாங்கிய விமானத்தை இன்னும் தானே ஓட்டுகிறார். அவர் மகன் நிரஞ்சனுக்குத்தான் இது பிடிக்கவில்லை. பொறியியல் கல்லூரி ஒன்று இதைக் கேட்டிருக்கிறதாம். வாசலில் கம்பம் நட்டு அதன் மேல் சாய்வாக ஏற்றி வைப்பார்களாம். மாணவர்கள் கீழே நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். அம்மாவும் மகனும் கடைசியாகப் பேசி முடித்தது இது: இந்த மாதம் 27ஆம் தேதி வெள்ளைக்காரி ஒரு மணி நேரம் நிற்காமல் பறக்க வேண்டும். பறந்தால் இங்கே இருப்பாள். பறக்காவிட்டால் அன்றைக்கே டிரெய்லரில் ஏறிக் கம்பத்துக்குப் போவாள்.

கம்பத்திலாம்! என் பிணத்தைத் தாண்டித்தான் ஏற்ற வேண்டும்.

பிப்ரவரி 5, புதன்

இன்று பட்டியல் வேலை. டயர், பிரேக், பேட்டரி, கம்பிகள், கீல்களுக்கு கிரீஸ், வெளியே தெரியும் ஓட்டைகள், குழாய்கள். நூற்றுப் பன்னிரண்டு வரிகள். டிக் போட்டுப் போட்டு விரல் வலிக்கிறது. மேடம் ஒரு முறை எட்டிப் பார்த்து, “எப்ப கண்ணு தருவே?” என்று கேட்டுவிட்டுப் போனார். பத்தாம் தேதி என்றேன். தேதியைச் சொன்ன பிறகுதான் விரல் விட்டு நாளை எண்ணினேன்.

ஷெட்டுக்குள் ஒரு குளவி வந்தது. காலுக்கிடையில் மண் உருண்டை. ரங்கசாமி அண்ணன் துண்டைச் சுழற்றிக்கொண்டு அடிக்கக் கிளம்பினார்.

“விடுங்கண்ணா. அது பாட்டுக்குப் போகட்டும்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “சரிங் மேடம். நல்லதுதானுங்.”

எது நல்லது என்று நான் கேட்கவில்லை. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை வரும், கலைக்கக் கூடாது என்பார்கள். எங்கள் பக்கம் எல்லார் வீட்டிலும் உள்ள பேச்சுதான். ஆனால் இது வீடு இல்லை, ஷெட். நானும் இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. ரங்கசாமி அண்ணன் எலுமிச்சம்பழம் கட்ட வந்தபோதே புரொபெல்லரில் கட்டினால் கையை உடைப்பேன் என்று சொன்னவள் நான்.

குளவி எங்கே போய்க் கட்டுகிறது என்று பார்க்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டும் முடிந்தது.

பிப்ரவரி 7, வெள்ளி

கோவை கருத்தரிப்பு ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். மூன்று நாள் படி ஏறக்கூடாதாம். முடிவு தெரிய இரண்டு வாரம் ஆகும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

படுத்தே கிடக்கிறேன். அவர் சமைக்கிறார். தனபால் என்கிற என் வீட்டுக்காரருக்கு ரசம் வைக்கத் தெரியும் என்பது திருமணமாகிப் பதினோரு வருடம் கழித்துத் தெரிய வருகிறது. இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த ஆளை என்ன செய்வது? நாளைக்குப் பறப்பு. தூக்கம் வரவில்லை என்று புலம்பினால், “பகல் பூரா தூங்கிட்டு இப்ப வரலைன்னா எப்படிங்?” என்கிறார்.

பிப்ரவரி 10, திங்கள்

இரண்டு டேங்கும் நிரப்பினோம். மேடம் வெள்ளை ஷூ, பருத்திப் புடவைக்கு மேல் பழைய தோல் ஜாக்கெட் என்று ஜம்மென்று வந்தார். விமானத்தை ஒரு சுற்று சுற்றி வந்து ஏறினார். ஏழே முக்காலுக்குத் தரையை விட்டாள் வெள்ளைக்காரி. என்ன சத்தம்! அணைப் பக்கம் போகாமல் ரன்வேக்கு மேலேயே சுற்றச் சொல்லியிருந்தேன். கையில் ரேடியோ, கழுத்தில் கடிகாரம், நான் தரையில்.

இருபது நிமிடம். முப்பது. ரங்கசாமி அண்ணனிடம் டீ வாங்கிவரச் சொல்லலாம் என்று திரும்பினேன். முப்பத்தோராவது நிமிடத்தில் சத்தம் மாறியது. திணறியது, பிடித்தது, மறுபடி திணறியது.

“கண்ணு, பவர் போகுது. இறங்கறேன்.” மேடம் குரலில் பதற்றமே இல்லை. பதற்றம் முழுவதையும் நான் எடுத்துக்கொண்டேன்.

பாதி உயிரோடு இறங்கி வந்து நின்றாள். ரங்கசாமி அண்ணன் எப்போதும்போல் ஏணியோடு ஓடி, டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார். பெட்ரோல் தாராளமாக இருந்தது. எஞ்சினை மறுபடி ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி அவ்வளவு அடக்கமாக ஓடினாள்.

பிப்ரவரி 12, புதன்

மூன்றாவது சிலிண்டரின் கீழ் ஸ்பார்க் பிளக் கறுத்துப்போய் எண்ணெய் பிடித்திருந்தது. கண்டுபிடித்துவிட்டேன்! எட்டு பிளக்கையும் மாற்றினேன். மேடத்துக்குப் போன் போட்டு, “சிக்கிருச்சுங்க!” என்று கத்தினேன். மில்லில் மீட்டிங்கில் இருந்தாராம். நிரஞ்சன் பக்கத்தில் இருந்தாராம். பரவாயில்லை, அவரும் கேட்கட்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

சிக்கவில்லை.

அதே டேங்க் அளவு, அதே வானம், அதே முப்பத்தோராவது நிமிடம். இந்த முறை மேடம் இறங்கும்போது ரன்வே முனையில் இருக்கும் வேலிக்கு மேலே நாலு ஆள் உயரம்தான் இருந்தது. நிரஞ்சன் ஷெட் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் ஏணி, குச்சி, மூடி என்று ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலேயே வந்தார்.

“இன்னும் எத்தனை தடவைங்க எங்கம்மாவை மேல அனுப்பிப் பாப்பீங்க?”

மேடம்தான் உடம்பு மொத்தத்தையும் திருப்பி, “நானே போறேன்டா. யாரும் அனுப்பல” என்றார்.

“இருபத்தேழு வரைக்கும்தாம்மா. டிரெய்லருக்குச் சொல்லியாச்சு.” சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். ஃபில்டர் சுத்தம். பெட்ரோலில் தண்ணீர் இல்லை. பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவை அடுப்புச் சூட்டுக்குச் சூடாக்கிப் பார்த்தேன், பொறி அழகாக வருகிறது. என்னதான்டி வேண்டும் உனக்கு என்று சத்தமாகக் கேட்டேன். வெளியே போய்க்கொண்டிருந்த வாட்ச்மேன் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 17, திங்கள்

சாப்பிட உட்கார்ந்தவள் பாதியில் எழுந்து எழுதுகிறேன், கை கழுவக்கூட இல்லை.

மேலே திணறுகிறாள். கீழே வந்ததும் சரியாகிறாள். நடுவில் என்ன மாறுகிறது? நாங்கள் எதையும் தொடுவதில்லை என்றுதான் இரண்டு முறையும் நினைத்தேன். தொடுகிறோம். ஒரே ஒரு வேலை செய்கிறோம். ரங்கசாமி அண்ணன் ஏணி போட்டு டேங்க் மூடியைத் திறக்கிறார்! வண்டி நின்றதும் குச்சி விடுவது அவருக்குப் பல வருடப் பழக்கம். எங்கள் கண்ணும் அதைப் பார்த்துப் பழகிவிட்டது.

டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க் பெட்ரோலை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மூடியைத் திறந்தால் காற்று புகுந்து எல்லாம் சரியாகிவிடும். நோயை நாங்களே இரண்டு முறையும் குணப்படுத்திவிட்டு, நோய் எங்கே என்று தேடுகிறோம்!

வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். பாதித் தூக்கத்தில் “நல்லதுங்” என்றார்.

பிப்ரவரி 18, செவ்வாய்

டேங்க் நிரப்பி, மூடியை முடுக்கி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, தரையிலேயே ஓட்டினேன். ரங்கசாமி அண்ணனிடம், “ஏணியைத் தொட்டீங்கன்னா பேசமாட்டேன்” என்று சொல்லி வைத்தேன். பாவம், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தரையில் பெட்ரோல் குறைவாகத்தான் குடிக்கும். ஒரு மணி ஏழு நிமிடம் ஆனது. திணறினாள். அணைந்துபோனாள். நான் ஏணியில் தாவி ஏறி மூடியைத் திருகினேன்.

உஸ்ஸ்ஸ்! என் விரலோடு சேர்த்துக் காற்றை உள்ளே இழுத்தது டேங்க். ஏணியிலிருந்தே கத்தினேன். ரங்கசாமி அண்ணன் விசில் அடித்தார். அவருக்கு விசில் அடிக்கத் தெரியும் என்பதும் இன்றுதான் தெரிந்தது.

இரண்டு டேங்குக்கும் சேர்த்துக் காற்று வரும் வழி ஒன்றே ஒன்றுதான். இடது இறக்கைக்குக் கீழே, தாங்கு கம்பிக்குப் பின்னால், சுண்டுவிரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். போய் விரலை வைத்தேன். மண். காய்ந்த, கெட்டியான, வழவழவென்று பூசிய மண்.

விசில் நின்றுவிட்டது. ரங்கசாமி அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஐந்தாம் தேதிக் குறிப்பில் நான் பொய் எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில் யாருக்காகப் பொய் எழுதினேனோ தெரியவில்லை. நான் பார்த்தேன். குளவி மண்ணோடு இடது இறக்கைக்குக் கீழே போனதைப் பார்த்தேன். இன்னும் ஒரு அடி நகர்ந்து நின்றிருந்தால் எந்த இடம் என்று தெரிந்திருக்கும். தெரிந்தால் கலைக்க வேண்டியிருக்கும். அதனால் நகரவில்லை. அடுத்த வரியில் அந்தக் குழாயை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் சொல்கிறது. தொடாமல் டிக் போட்டேன். பன்னிரண்டு வருட சர்வீஸில் முதல் முறை.

“நான் எடுத்துடறனுங்” என்றார் அண்ணன்.

“இல்லண்ணா. நானே.”

கம்பியை வளைத்து உள்ளே விட்டுச் சுரண்டினேன். மண் கட்டி கட்டியாக விழுந்தது. உள்ளே பச்சைப் புழுக்கள் ஐந்தாறு, நடுவில் ஒரு வெள்ளைக் குஞ்சு. அழுதேன். அண்ணன் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று வெளியே போய், நான் முகம் துடைக்கும்வரை வரவே இல்லை. திரும்பி வந்ததும், “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டனுங் மேடம். மண்ணு அடைச்சிருந்துச்சு, எடுத்தாச்சு. அவ்வளவுதானுங்” என்றார்.

பிப்ரவரி 20, வியாழன்

கோவை. இல்லையாம்.

பிப்ரவரி 21, வெள்ளி

குளவிக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. டாக்டர் சொன்ன காரணம் வேறு, தாளில் எழுதியே கொடுத்திருக்கிறார். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். தோசை சுட்டுத் தந்தார், மூன்றாவது கருகிவிட்டது, அதையும் தின்றேன்.

நினைப்பு முழுக்க வேறு இடத்தில் இருக்கிறது. வேலிக்கு மேலே நாலு ஆள் உயரம். அன்றைக்கு எஞ்சின் பத்து விநாடி முன்னால் நின்றிருந்தால் மேடம் இன்று உயிரோடு இருக்க மாட்டார்.

பிப்ரவரி 22, சனி

மேடத்தின் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நின்றுகொண்டே சொல்லிவிட்டேன். குளவி, குழாய், தொடாமல் போட்ட டிக், எதற்காகத் தொடவில்லை என்பது. கடைசியாகச் சொன்னது மட்டும் வாயிலிருந்து வரச் சிரமப்பட்டது. எப்போதும்போல் கண்ணு என்று கூப்பிடாமல், “மேகலா, உன்னால நான் செத்திருப்பேன்” என்றார்.

“ஆமாங்க.”

தோட்டத்தில் மோட்டார் ஓடி நின்றது. பிறகு என்னை அருகே உட்கார வைத்தார்.

“ஏறதுக்கு முந்தி சுத்தி வந்து எல்லாத்தையும் பாக்கறது யாரு வேலை? ஓட்டறவ வேலை. அந்தக் குழாயும் என் லிஸ்ட்டுல இருக்குது. ரெண்டு தடவையும் நான் பாக்கல. அண்ணாந்தா கழுத்துல மின்னல் வெட்டற மாதிரி வலிக்குது. ஆடி மாசத்திலிருந்து மேல பாக்க முடியறதில்ல. இது நிரஞ்சனுக்குத் தெரிஞ்சா வெள்ளைக்காரி அன்னைக்கே கம்பத்துல. அவங்கிட்ட சொல்லிராதே.”

சொல்ல மாட்டேன் என்றேன். ஆனால் லாக் புத்தகத்தில் என் பங்கை எழுதியே தீருவேன் என்றேன். எழுதாமல் மறுபடி கையெழுத்துப் போட என்னால் ஆகாது.

“எழுதினா உன் லைசன்ஸ் போயிரும்டி.”

“போகட்டுங்க.”

பிப்ரவரி 24, திங்கள்

எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் மூன்று வரி. ‘காற்றுக் குழாய் குளவிக்கூட்டால் அடைபட்டது. சோதனையில் தொட்டுப் பார்க்கப்படவில்லை. பார்க்காதது கீழே கையெழுத்திட்டவர்.’ மேடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கீழே என் பெயர், உரிம எண்.

எல்லா ஓட்டைகளுக்கும் சிவப்புத் துணியில் மூடி தைத்தோம். ரங்கசாமி அண்ணன் ஊசியில் நூல் கோக்கும் அழகு தனி.

பிப்ரவரி 27, வியாழன்

இன்றைக்கு எழுத எனக்குக் கை போதாது!

ஆறரைக்கே டிரெய்லர் வந்து ஷெட் வாசலில் நின்றுவிட்டது. பதினாறு சக்கரம். டிரைவர் இறங்கி வந்து இறக்கைகளைக் கையால் அளந்து பார்த்தார். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நிரஞ்சன் காரிலிருந்து இறங்கிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

மேடம் என்னிடம், “நீயும் ஏறு கண்ணு. பக்கத்துல உக்காரு. மேல பாக்கறது உன் பொறுப்பு” என்றார். சுற்றி வரும்போது நானே ஒவ்வொரு ஓட்டையையும் தொட்டேன். அந்தக் குழாயை மூன்று முறை.

ஏழு பத்துக்கு ஏறினோம். மலை முழுக்கப் பனி, தென்னந்தோப்புகள், கீழே டிரெய்லர் சின்னதாக. இருபத்தைந்தாவது நிமிடம் வரைக்கும் மேடம் ஏதேதோ கதை சொல்லிக்கொண்டு வந்தார். இருபத்தொன்பது. முப்பது. என் உள்ளங்கை வியர்த்துக் கடிகாரம் வழுக்கியது. முப்பத்தொன்று. எஞ்சின் சத்தத்தை நான் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டேன். முப்பத்திரண்டு. முப்பத்தைந்து! மேடம் வாய் விட்டுச் சிரித்தார். நான் கத்தினேன். நாற்பதாவது நிமிடத்தில் ஷெட்டுக்கு மேலே தாழ்ந்து ஒரு சுற்று. ரங்கசாமி அண்ணன் துண்டைச் சுழற்றிக்கொண்டு ரன்வே ஓரமாக ஓடினார். ஒரு மணி நேரம் நாலு நிமிடம் கழித்து, பஞ்சுப் பொதி வைக்கிற மாதிரி இறக்கினார் மேடம்.

நான் குதித்து இறங்கினேன். நிரஞ்சன் கைகொடுக்க வரவில்லை. லாக் புத்தகத்தைக் கேட்டார். கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்தார்.

“இது நெசமாங்க? தொடாமயே கையெழுத்துப் போட்டீங்களா?”

“ஆமாங்க.”

“ரெண்டு தடவை மேல போனது எங்கம்மாங்க.” குரல் உயரவில்லை, கண்தான் சிவந்திருந்தது. “பறந்தா இருக்கட்டும்னு சொன்னது, நம்பற மாதிரி கையெழுத்துப் போடற ஆள் இருக்காங்கன்னு நெனச்சு. நீங்க நாளையிலிருந்து வர வேண்டாம். வேற ஆள் கெடைக்கற வரைக்கும் இது இங்க நிக்கறதிலயும் அர்த்தமில்ல.” டிரெய்லர் பக்கம் திரும்பினார்.

என்னால் வெள்ளைக்காரி பறந்தாள், என்னாலேயே கம்பத்துக்குப் போகிறாள்.

மேடம் மெதுவாக இறங்கி வந்தார். “பேனா குடு கண்ணு.”

எனக்குப் புரிந்துவிட்டது. “வேண்டாங்க மேடம்.”

“குடும்மா.”

மகன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, வெள்ளைக்காரியின் வால் இறக்கை மேல் வைத்து, என் கையெழுத்துக்குக் கீழே எழுதினார். புத்தகத்தை மகனிடம் நீட்டினார். அவர் படித்தது எனக்கும் கேட்டது. ‘பறக்கும் முன் அந்தக் குழாயைப் பார்க்க வேண்டியது விமானி. இரண்டு முறையும் பார்க்கவில்லை. வசுமதி.’

“ஏம்மா பாக்கல?”

“கழுத்தைத் தூக்க முடியலடா. ஆடியிலிருந்து. உங்கிட்ட மறைச்சேன். அவ மறைக்காம எழுதிட்டா, நான் மறைச்சேன். அனுப்பறதுன்னா ரெண்டு பேரையும் அனுப்பு.”

நிரஞ்சன் அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை மாதம் பக்கத்தில் இருந்தும் கவனிக்காதது அவர் முகத்தில் தெரிந்தது.

“இனி தனியா ஏற மாட்டேன்” என்றார் மேடம். “லைசன்ஸ் உள்ள ஒரு ஆளைப் பக்கத்துல வெச்சுக்கறேன். அவங்க ஓட்டட்டும், நான் உக்காந்து வர்றேன். எனக்கு அது போதும். இதைக் கம்பத்துல மட்டும் ஏத்தாதே கண்ணா.”

டிரெய்லர் டிரைவர் கயிற்றோடு வந்தார். “சார், ஏத்தலாமுங்களா?”

நிரஞ்சன் புத்தகத்தை மூடினார். மறுபடி திறந்து அந்த இரண்டு கையெழுத்துகளையும் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து அதைக் கொடுத்தார்.

“அடுத்த சர்வீஸ் எப்பங்க?”

எனக்குக் கேள்வி விளங்கவே நேரமானது. “நூறு மணி நேரத்துக்கு ஒருக்காங்க. இன்னும் தொண்ணூத்தேழு மணி நேரம் பறக்கலாம்.”

“அதை நீங்களே தொட்டுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க” என்றார்.